பேசிய பிறகு எழுதட்டும்

தமிழாசிரியர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் சீக்கிரமே வந்துவிடும் பேச்சு ஒன்று உண்டு: பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுத வரவில்லை. மலைமேல் பள்ளி, ஊருக்குள் இருக்கும் பள்ளி, அரசுப் பள்ளி, கட்டணப் பள்ளி என்ற வித்தியாசம் இதில் கிடையாது. ஒரு கட்டு விடைத்தாளைத் திருத்தி முடிப்பவருக்கு, முன்னுரை ஒன்று, உள்தலைப்புகள் சில, முடிவுரை ஒன்று என எல்லாத் தாளிலும் ஒரே கட்டுரைதான் கிடைக்கிறது. கையெழுத்து மட்டும் மாறுகிறது. இதற்குச் சொல்லப்படும் காரணங்களும் நமக்குப் பழக்கமானவை. ஒற்றுப்பிழை, சொல்வளம் போதாமை, வாசிப்புப் பழக்கம் இல்லாமை, கையில் எந்நேரமும் செல்போன். எல்லாம் உண்மைதான். ஆனால் இவையெல்லாம் சரியாகிவிட்டாலும் கட்டுரை வந்துவிடாது என்று நான் நினைக்கிறேன். பிழையில்லாமல் எழுதும் மாணவர்களின் தாள்களும் அதே வார்ப்பில்தான் இருக்கின்றன. படித்த கதையைப் பற்றித் தனக்கென்று ஒரு கருத்து இல்லாதவர் எதை எழுதுவார்? அந்தக் கருத்து பிறக்க வேண்டிய இடம் நோட்டுப் புத்தகம் அல்ல. அது பேச்சில்தான் பிறக்கும். வகுப்பில் ஒரு கதையை வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசும் அந்த நேரத்தை நம் மொழிப்பாடத்திலிருந்து எடுத்துவிட்டோம். இலக்கியமும் எழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடப்பதற்கு அதுவே முதல் காரணம்.

பாடநூலைக் குறை சொல்ல முடியாது. 2018–19, 2019–20 கல்வியாண்டுகளில் வந்த தமிழ்ப் பாடநூல்கள் நவீன இலக்கியத்துக்குத் தாராளமாக இடம் கொடுத்தன. ஒன்பதாம் வகுப்பில் கந்தர்வனின் ‘தண்ணீர்’, தி. ஜானகிராமனின் ‘செய்தி’. பத்தாம் வகுப்பில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலிலிருந்து ஒரு பகுதி, சா. கந்தசாமியின் ‘பாய்ச்சல்’, கு. அழகிரிசாமியின் ‘ஒருவன் இருக்கிறான்’. பல கல்லூரிகளின் பாடத்திட்டத்தில்கூட இவ்வளவு நல்ல கதைகளை ஒருசேரப் பார்க்க முடியாது. ஆனால் விரிவானம் என்ற பகுதிக்குள் வந்ததும் இந்தக் கதைகளுக்கு என்ன நேர்கிறது? ஒருவர் எழுந்து ஒரு பத்தி வாசிக்கிறார், அடுத்தவர் அடுத்த பத்தி. கடினச் சொற்களுக்குப் பொருள் எழுதப்படுகிறது. பிறகு கதைச்சுருக்கம் கரும்பலகைக்கு வருகிறது, அல்லது உரைநூலிலிருந்து சொல்லி எழுதவைக்கப்படுகிறது. மாணவர் அதை மனப்பாடம் செய்து நெடுவினாவாக எழுதுகிறார். கதையாசிரியர் எழுதியதை உரையாசிரியர் சுருக்கினார், மாணவர் நகலெடுத்தார். அந்த மாணவர் அந்தக் கதையை எங்கே சந்தித்தார் என்று தேடினால் கிடைக்காது.

இதையே வேறு விதமாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மணலூர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையில் இருக்கும் சிறிய பேரூர். சாத்தனூர் அணையிலிருந்து திறக்கும் நீர் இந்த ஊரைக் கடந்துதான் திருக்கோவிலூருக்குப் போகிறது. தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் இங்கே தீர்த்தவாரிக்கு வருவார். ஆற்று மணலில் கடைகள் போட்டுக் கூட்டம் கூடும். ஆற்றை வறண்ட மணலாகப் பல மாதங்கள் பார்த்துப் பழகிய ஊர் இது. 2024 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது அதே ஆறு எப்படி ஓடும் என்பதையும் இந்தக் கரையோர ஊர்கள் பார்த்தன. இப்படிப்பட்ட ஊரின் ஒன்பதாம் வகுப்பில் ‘தண்ணீர்’ கதை பாடமாக இருக்கிறது. குடிநீரே இல்லாத ஒரு கிராமத்தில், ஸ்டேஷனில் நிற்கும் பாசஞ்சர் ரயிலில் ஏறிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள் பெண்கள். இந்திரா என்ற பெண் குடத்தோடு ரயிலுக்குள் இருக்கும்போதே வண்டி கிளம்பிவிடுகிறது. ஊரே பதறித் தேடுகிறது. கடைசியில் அவள் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து திரும்பி வருகிறாள். குடம் நிறையத் தண்ணீரோடு வருகிறாள்.

இந்தக் கதையைப் படித்து முடித்ததும், அதன் கருப்பொருள் என்ன என்று ஆசிரியர் கேட்டால் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் ‘தண்ணீர்ப் பஞ்சம்’ என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். ‘அவள் குடத்தை வழியிலேயே போட்டுவிட்டு வேகமாக வந்திருக்கலாமே, ஏன் சுமந்து வந்தாள்?’ என்று கேட்டால் நிலைமை மாறும். வீட்டில் திட்டு விழும் என்று ஒருவர் சொல்லலாம். ‘அப்ப வூட்ல இருக்கறவங்க இன்னாத்தக் குடிப்பாங்க?’ என்று இன்னொருவர் மறிக்கலாம். குடம் அவளுக்குத் தைரியம் கொடுத்தது, வெறுங்கையோடு நடந்தால் பயந்திருப்பாள் என்று யாரோ ஒரு பெண் சொல்லக்கூடும். உரைநூல் எதிலும் இல்லாத விடை அது. உடனே ஆசிரியர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி ஒன்றுதான்: ‘கதையில் எந்த இடத்தைப் படித்து அப்படிச் சொல்கிறாய்?’ இப்போது பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டுவார்கள். யாரும் கட்டாயப்படுத்தாமல் கதையை இரண்டாம் முறை படிப்பார்கள். ஊருணி வற்றியதைச் சொல்லும் வரிகள், ரயில் வரும் ஓசைக்கு ஓடும் பெண்கள், ஸ்டேஷன் மாஸ்டரின் அதட்டல் எல்லாம் இப்போது சான்றுகளாக மாறும். ஆற்றங்கரையில் வாழும் நமக்கு இந்தக் கதை பொருந்துமா என்று ஒருவர் கேட்டால், வெள்ளம் வந்த நாளில் குடிக்கத் தண்ணீர் கிடைத்ததா என்று இன்னொருவர் திருப்பிக் கேட்பார். அந்த இடத்தில் ‘இப்போது எழுதுங்கள்’ என்றால் எழுதுவதற்கு ஒரு விஷயம் இருக்கும். யாரை மறுக்க வேண்டும், யாரோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

கதையைப் பற்றிப் பேசுவதும் எழுதுவதும் இரண்டு வேலைகள் இல்லை. கட்டுரை என்று நாம் கேட்பதன் உள்ளுறுப்புகள் எல்லாம் நல்ல உரையாடலிலேயே இருக்கின்றன: ஒரு நிலைப்பாடு, அதற்குச் சான்று, மாற்றுக் கருத்து, அதற்குப் பதில், பதில் போதாதபோது நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்ளுதல். எதிரே ஒருவர் மறுத்துப் பேசும்போது ‘ஆனால்’, ‘அப்படியானால்’, ‘இருந்தாலும்’ என்ற இணைப்புச் சொற்கள் தாமாகவே வாயில் வருகின்றன. தனியாக உட்கார்ந்து எழுதும் மாணவருக்கு எதிராளி இல்லை. அதனால் அவர் எழுதும் பத்திகள் ‘மேலும்’, ‘மேலும்’ என்று அடுக்கப்படுகின்றன. கட்டுரையில் வாதம் இல்லை என்று சிவப்பு மையில் குறிக்கிறோம். வாதம் செய்து பார்க்க அந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடவேளையில் இடம் கொடுத்தோம்?

இப்படி உரையாடிக் கற்பது மேலைநாட்டுச் சரக்கு என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் நன்னூலைத் திறந்து பார்க்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய அந்த இலக்கண நூலின் பாயிரம், கற்பிப்பதும் கற்பதும் எப்படி நடக்க வேண்டும் என்று விரிவாகப் பேசுகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்குதான் என்கிறார் பவணந்தியார். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால் பங்கு. மிச்சமிருக்கும் அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு விளங்கச் சொல்லும்போதுதான் வந்து சேர்கிறது. கேள்வி கேட்பதும், கேட்ட கேள்விக்கு விடை சொல்வதும் மாணவரின் கடமைகளாகவே அங்கே வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. நம் வகுப்பறைகள் அந்த முதல் கால் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு முக்கால் பங்கைக் கைவிட்டுவிட்டன. படைப்பை வைத்தே கற்பித்த மரபும் நமக்கு உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு, ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியது என்று அதன் பழைய குறிப்பு சொல்கிறது. அந்தக் கபிலரின் நினைவாகத்தான் திருக்கோவிலூர் ஆற்றுக்குள் கபிலர் குன்று நிற்கிறது. மணலூர்பேட்டைப் பிள்ளைகளுக்கு அது ஆற்றோடு கிழக்கே போனால் வரும் அடுத்த ஊர்தான். தமிழைப் புரியவைக்க ஒரு முழுப் படைப்பையே எதிரில் வைக்கலாம் என்று நம்பியவர் கபிலர்.

உரையாடல் ஒரு நூலைத் திறந்துவைத்ததற்கு நம்மிடம் இதைவிடத் துல்லியமான சான்றும் உண்டு. 1880 அக்டோபர் 21-ஆம் தேதி, கும்பகோணத்தில் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே. சாமிநாதையர் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்ட முதலியார், ஐயர் அடுக்கிய அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் எதிலும் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்கு அதுவரை அந்த நூல் பரிச்சயமில்லை. அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் சிந்தாமணி வாசிப்பு தொடங்கியது. ஆனால் ஏட்டையும் உரையையும் தனியாக வைத்துக்கொண்டு படித்ததில் பல இடங்கள் பிடிபடவில்லை. கும்பகோணத்துச் சைனர்களின் வீடுகளில் சிந்தாமணி வாசிக்கப்படுவதை அறிந்து அங்கே போய் உட்கார்ந்து, கேட்டு, சந்தேகங்களைச் சொல்லி, விளக்கங்களைப் பெற்ற பிறகுதான் நூல் அவருக்கு வசப்பட்டது. 1887-இல் பதிப்பு வந்தது. நூலறிவில் அவருக்கு இணையாகச் சொல்ல அந்தக் காலத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? அவருக்கே நூலைப் பற்றிப் பேச ஆட்கள் தேவைப்பட்டார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு உரைநூல் மட்டும் போதும் என்று நாம் எப்படி முடிவு செய்தோம்?

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதும் அவசியம். அமெரிக்காவில் மார்ட்டின் நிஸ்ட்ராண்ட் என்ற ஆய்வாளர் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மொழிப்பாட அறைகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கவனித்து 1997-இல் நூலாக வெளியிட்டார். உண்மையான திறந்த உரையாடல் எட்டாம் வகுப்பில் பாடவேளைக்குச் சராசரியாக ஒரு நிமிடம்கூட நடக்கவில்லை, ஒன்பதாம் வகுப்பில் அதைவிடவும் குறைவு என்பது அவர் கண்டது. ஆசிரியர் கேட்பார், மாணவர் ஒரு சொல்லில் பதில் சொல்வார், ஆசிரியர் சரி அல்லது தவறு என்பார், அவ்வளவுதான். இந்த வியாதி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல என்பதில் ஆறுதல் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சிறிய அளவு உரையாடல் நடந்த வகுப்புகள் கூடுதலாகக் கற்றிருந்தன என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. பிறகு ஆப்பிள்பீ, லாங்கர் ஆகியோரோடு சேர்ந்து 19 பள்ளிகளில் 64 வகுப்புகளைப் பின்தொடர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடினமான பாடத்தை உரையாடலோடு நடத்திய வகுப்புகளில் இலக்கியத்தைப் பற்றிய மாணவர் எழுத்து மேம்பட்டிருந்தது. நன்றாகப் படிப்பவர்கள், தட்டுத்தடுமாறிப் படிப்பவர்கள் ஆகிய இரு சாராருக்கும் அது பொருந்தியது.

இதற்கு எதிரான ஒரு சான்றும் இருக்கிறது. அதை மறைத்தால் வாதம் நேர்மையாக இருக்காது. 2009-இல் மர்ஃபி, வில்கின்சன் முதலியோர் வகுப்பறை உரையாடல் முறைகள் பற்றிய 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான முறைகள் ஆசிரியர் பேச்சைக் குறைத்து மாணவர் பேச்சைக் கூட்டின. ஆனால் பேச்சு கூடியதாலேயே எல்லா இடத்திலும் புரிதல் கூடிவிடவில்லை. சில முறைகள் மட்டுமே ஆழ்ந்து சிந்திக்கும் திறனை வளர்த்தன. பிள்ளைகள் பேசுகிறார்கள் என்பதே வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை இருக்க முடியாது. பிரதிக்குத் திரும்பி வராத பேச்சு அரட்டை. ‘எனக்குப் பிடித்தது, எனக்குப் பிடிக்கவில்லை’ என்று நாற்பது பேரும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அங்கே கதை இல்லை. 1938-இலேயே வாசகரின் பங்கைப் பற்றி எழுதிய லூயிஸ் ரோசன்பிளாட்டும், ஒரு படைப்புக்குப் பல வாசிப்புகள் இருக்கலாம், ஆனால் எந்த வாசிப்பும் பிரதியின் சொற்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றுதான் வலியுறுத்தினார். மர்ஃபி குழுவினரின் தொகுப்பில் இன்னொன்றும் தெரிந்தது. உரையாடலால் கூடுதலாகப் பயனடைந்தவர்கள் வகுப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகள். ‘இதெல்லாம் நல்லாப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் சரிப்படும்’ என்ற நம் ஊர்ப் பேச்சுக்கு நேர் எதிரான செய்தி அது.

அப்படியானால் வகுப்பில் என்ன செய்வது? முதலில், காத்திருப்பது. 1970-களில் மேரி பட் ரோ என்பவர் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிகளாக நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, காரணம் சொல்லும் பதில்கள் கூடின, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி மௌனம் ஆசிரியருக்கு மிக நீளமாகத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்வதற்குப் பயிற்சி வேண்டும். அடுத்தது கேள்வி. இங்கிலாந்து எழுத்தாளர் ஏடன் சேம்பர்ஸ் பிள்ளைகளோடு புத்தகம் பேசுவதற்குச் சொன்ன வழி மிக எளிமையானது: பிடித்தது எது, பிடிக்காதது எது, புதிராக இருந்தது எது, திரும்பத் திரும்ப வந்தது எது. இந்த நான்கில் எனக்கு மூன்றாவதும் நான்காவதும்தான் பொன்னாகப் படுகின்றன. பிடித்ததைச் சொல்ல யாரும் கதையைத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. புரியாததைச் சொல்ல வேண்டுமானால் புரியாத இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். ‘எனக்கு இது புரியவில்லை’ என்று தலைகுனியாமல் சொல்லலாம் என்ற நிலை வந்துவிட்ட வகுப்பில் பாதி வேலை முடிந்துவிட்டது.

மூன்றாவதுதான் பலரும் விட்டுவிடுவது: பேசுவதற்கு முன்னும் பின்னும் எழுதுவது. கதையைப் படித்ததும் தனக்குப் புதிராகத் தோன்றிய ஒன்றை இரண்டே வரியில் ஒவ்வொருவரும் எழுதிவிட்டுத்தான் பேசத் தொடங்க வேண்டும். அப்போதுதான் முன்வரிசையில் சத்தமாகப் பேசும் நாலு பேரின் கருத்து வகுப்பின் கருத்தாகிவிடாது. பேசி முடித்ததும் மறுபடி எழுத வேண்டும், இந்த முறை ஒரு பக்கம். அதற்கு விதி ஒன்று போதும். தன் கருத்து, அதற்குக் கதையில் ஓர் இடம், வகுப்பில் அதை மறுத்தவர் சொன்னது, அதற்குத் தன் பதில். ‘ஒருவன் இருக்கிறான்’ கதையை எடுத்துக்கொண்டால் இதன் பலன் தெளிவாகத் தெரியும். உறவினர் வீட்டில் அண்டியிருக்கும் நோயாளியான குப்புசாமியைக் கதைசொல்லி முதலில் எரிச்சலோடுதான் பார்க்கிறார். ஏழை நண்பன் ஒருவன் அனுப்பிய சிறு தொகையும் கடிதமும் வந்த பிறகுதான் அவர் மனம் மாறுகிறது. பழைய முறையில் மாணவர் எழுதுவது: ‘இக்கதை மனிதநேயத்தை வலியுறுத்துகிறது. நாமும் மனிதநேயத்துடன் வாழ வேண்டும்.’ பேசிய பிறகு அதே மாணவர் இப்படி எழுதக்கூடும்: ‘கதை சொல்பவர் நல்லவர் என்று முதலில் நினைத்தேன், ஏனென்றால் அவர்தான் கதையைச் சொல்கிறார். ஆனால் அவர் குப்புசாமியிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை என்று என் பக்கத்தில் இருந்தவள் காட்டினாள். கடிதம் வராமல் போயிருந்தால் அவர் மாறியிருப்பாரா?’ இரண்டாவதில் நடை கரடுமுரடாக இருக்கலாம். ஆனால் கதைசொல்லியை நம்பலாமா என்ற கேள்வியை அந்தப் பிள்ளை தானே கண்டுபிடித்திருக்கிறது. இலக்கியத் திறனாய்வில் அது முதுகலை வகுப்புக் கேள்வி. நடையைத் திருத்திக் கொடுக்க ஆசிரியரால் முடியும். கேள்வியைப் பிள்ளைதான் கொண்டுவர வேண்டும்.

ஆட்சேபணைகள் நியாயமானவை, வாயடைக்கும் வாக்கியங்களால் அவற்றைத் தாண்டிப் போக முடியாது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் எப்படி உரையாடுவது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒருவர் பேச மற்றவர் கேட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம் வரும், அதுவும் ஆசிரியர் வாயே திறக்காவிட்டால். நால்வர் குழுக்களாகப் பிரித்துப் பன்னிரண்டு நிமிடம் கொடுத்தால் ஆளுக்கு மூன்று நிமிடம் வருகிறது. மிச்ச நேரம் குழுக்களின் கருத்தை வகுப்பு முழுவதும் கேட்டு வாதிடவும் எழுதவும் இருக்கிறது. சத்தம் வரும். அது பாடம் நடக்கும் சத்தம் என்று தலைமையாசிரியரும் பக்கத்து வகுப்பு ஆசிரியரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். எல்லாப் பாடத்துக்கும் இப்படி நேரம் ஒதுக்க முடியாது என்பதும் உண்மை. பருவத்துக்கு இரண்டு கதைகளை இப்படிப் பேசி எழுதினாலே ஆண்டு முடிவில் வித்தியாசம் தெரியும்.

இந்த மாதிரி ஒன்றைத் தமிழ்நாடு ஏற்கெனவே முயன்று பார்த்ததே, என்ன ஆயிற்று என்ற கேள்வி இதைவிடக் கனமானது. தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்ததைத் தொடர்ந்து, நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. படித்தல், மனவரைபடம் வரைதல், குழுவில் பேசுதல், தொகுத்தல், எழுதுதல் என்று படிநிலைகள் வகுத்தார்கள். உரையாடலுக்கு அதில் இடம் இருந்தது. குறை எங்கே என்றால், எல்லாப் பாடத்துக்கும் எல்லா நாளும் அதே வரிசை. கணக்குப் பாடமும் கவிதையும் ஒரே படியில் ஏற வேண்டியிருந்தால், பிள்ளைகள் பேசுவது பேச வேண்டிய கட்டத்துக்காகத்தான். பேச்சுக்கு ஒரு புதிர் வேண்டும். புதிர் இல்லாத இடத்தில் குழுவாக உட்கார்வது வெறும் உட்கார்தல்தான். அறிவொளி இயக்கத்தில் பணியாற்றிய பேராசிரியர் ச. மாடசாமி ‘எனக்குரிய இடம் எங்கே?’ என்ற நூலில் வகுப்பறையில் மாணவருக்கான இடத்தைப் பற்றி அக்கறையோடு எழுதினார். அந்தத் தலைப்பில் உள்ள கேள்விக்குப் படிநிலை அட்டவணையால் பதில் சொல்ல முடியாது. ஆசிரியரின் கேள்வியும் காதும்தான் பதில் சொல்ல முடியும்.

எழுத்துக்கூட்டியே படிக்கத் தெரியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த இலக்கியத்தைப் பேசுவது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அவர்களுக்குத்தான் இது முதலில் தேவை. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குச் சிந்திப்பதில் தடுமாற்றம் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆசிரியர் கதையைச் சத்தமாக, நன்றாக வாசித்துக் காட்டினால் அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குச் சமமாகப் பேசும். பேசியதில் தன் பெயர் அடிபட்ட கதையைப் பிறகு தானே படித்துப் பார்க்க ஆசை வரும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு நிலைகளில் சிறுசிறு கதைநூல்களை 2023 முதல் பள்ளிகளுக்குக் கொண்டுவந்திருக்கிறது. பிள்ளைகளுக்கென்று ‘தேன்சிட்டு’ இதழும் வருகிறது. புத்தகம் கைக்கு வந்துவிட்டது. அதைப் படித்தபின் என்ன என்ற கேள்விதான் பாக்கி.

இந்த இடத்தில் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைப் பள்ளிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்குள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் மாலையிலும் பள்ளியிலேயே இருக்கிறார்கள். சமவெளிப் பள்ளியில் மணியடித்தால் முடிந்துவிடும் பேச்சு அங்கே இரவுச் சாப்பாடு வரை நீளலாம். புத்தக உரையாடலுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு மாவட்டத்தில் வேறெங்கும் இல்லை. மலைவாழ் மக்களிடம் வாய்மொழிக் கதை உண்டு, பேச்சில் தனி வழக்கும் உண்டு. அந்த வழக்கில் பேசுவதைத் திருத்திக்கொண்டே இருந்தால் பிள்ளை பேசுவதை நிறுத்திவிடும். பேசும்போது அவரவர் பேச்சு, எழுதும்போது பாடநூல் தமிழ் என்ற ஏற்பாடு போதும். சொல்ல வேண்டியது பேச்சிலேயே தெளிவாகிவிட்டால் எழுத்துநடைக்கு மாற்றுவது மொழிப்பயிற்சி மட்டும்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்பதால்தான் இரண்டும் வராமல் போகிறது. மணலூர்பேட்டையில் ‘வூடு’ என்று பேசும் பிள்ளைக்கும் இதே நியாயம்தான்.

சாதியைப் பற்றிய அச்சத்தைத் தாமதமாகச் சொன்னாலும் அதுதான் பெரியது. நல்ல கதை எதுவும் சமூகத்தைத் தொடாமல் இருக்காது. ஒரு கதையைத் திறந்து பேசவிட்டால் வகுப்புக்குள்ளேயே யாராவது காயப்படுவார்களே என்று ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டதையும், அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்ததையும் அறிந்த யாரும் இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று சொல்லமாட்டார்கள். அதற்காக வகுப்பில் மௌனம் காப்பது வெறுப்பைக் குறைத்துவிடும் என்றும் நம்ப முடியாது. அந்தப் பேச்சு கழிப்பறைச் சுவருக்கும் கையில் கட்டும் கயிறுக்கும் போய்விடுகிறது. கதை இங்கே ஒரு வசதியைத் தருகிறது. எதிரில் இருக்கும் மாணவரைப் பற்றிப் பேசாமல், கதையில் வரும் ஆளைப் பற்றிப் பேசலாம். அவர் ஏன் அப்படிச் செய்தார், அவருக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று கேட்கலாம். யாரும் தன் வீட்டைப் பற்றிச் சொல்லக் கட்டாயமில்லை என்பதையும், கதைமாந்தரை விட்டு வகுப்பில் உள்ளவரை நோக்கி விரல் திரும்பினால் ஆசிரியர் அங்கேயே நிறுத்துவார் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பேசத் தயங்கும் விஷயங்களைப் பெயர் போடாத சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். இதற்கு ஆசிரியருக்குத் துணிவும் பக்குவமும் வேண்டும். குறுவள மையக் கூட்டங்களில் ஆசிரியர்களே ஒரு கதையைப் படித்து, தங்களுக்குள் இப்படி வாதிட்டுப் பார்த்தால் அந்தப் பக்குவம் வரும். கடலூரில் ஆசிரியராக இருந்த இரா. நடராசனின் ‘ஆயிஷா’வை அதற்கு முதல் கதையாக வைக்கலாம். கேள்வி கேட்ட ஒரு மாணவிக்குப் பள்ளி என்ன செய்தது என்பதைப் பற்றிய கதை அது. கேள்விகளால் நடத்த வேண்டிய வகுப்பைப் பற்றி யோசிப்பவர்கள் அதிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

தேர்வு? பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் 100 மதிப்பெண்ணில் எட்டு மதிப்பெண் நெடுவினாக்கள் மூன்று. அவற்றில் ஒன்று விரிவானக் கதையைக் கேட்கிறது. கதைச்சுருக்கத்தைக் கேட்கும்வரை கதைச்சுருக்கத்தைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள், அதில் ஆசிரியர்கள் மீது பிழையில்லை. உரையாடிப் படித்த பிள்ளை அந்தக் கேள்விக்கும் நன்றாகவே எழுதும், ஏனென்றால் இரண்டு முறை தேடித் தேடிப் படித்த கதை மனப்பாடம் செய்த கதையைவிட நினைவில் நிற்கும். ஆனால் அதோடு நின்றுவிடத் தேவையில்லை. விரிவானக் கேள்விக்கு ‘அல்லது’ என்று ஒரு மாற்று வினா ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடத்தில், கதைமாந்தர் ஒருவரின் முடிவோடு நீங்கள் உடன்படுகிறீர்களா, கதையிலிருந்து சான்று காட்டி, மறுப்பவருக்குப் பதில் சொல்லி எழுதுக என்று ஒரே ஒரு வினாவை வைத்தால் போதும். எட்டு மதிப்பெண்ணில் கருத்துக்கு இரண்டு, சான்றுக்கு மூன்று, மாற்றுக் கருத்தை எதிர்கொண்டதற்கு இரண்டு, நடைக்கு ஒன்று என்று திருத்துபவருக்குக் குறிப்புக் கொடுக்கலாம். வினாத்தாளில் அந்த ஒரு வரி மாறிய ஆண்டிலேயே, மணலூர்பேட்டையிலும் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலும் ‘தண்ணீர்’ கதைக்கு இரண்டு பாடவேளை கூடுதலாகக் கிடைத்துவிடும்.